பதினொரு நலம்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இது மின்னஞ்சலில் வந்து விழுந்தாலும் கடிதம் என்றே கருதிப் படிக்க வேண்டுகிறேன். சென்ற மாதம் நான் எழுதிய நான்கு பக்கங்களுக்கு 'ஓகே கா' என்று பதில் அனுப்பினாய். அது இன்னும் முள்ளாகக் குத்துகிறது. இந்த முறை வாக்கியங்களை எதிர்பார்க்கிறேன்.

செய்தி இதுதான். பிப்ரவரி இரண்டாம் தேதி, இங்குள்ள சிற்றரங்கம் ஒன்றில் என் ஒலிப்படைப்பை நிகழ்த்த அழைத்திருக்கிறார்கள். நாற்பது நாற்காலிகள், நல்ல ஒலிபெருக்கிகள், நுழைவாயிலில் என் பெயர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், ஆவணக் காப்பகத்தில் பகல் முழுவதும் பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்கிறவள், எவரிடமும் ஒரு நாள்கூட இசைப் பாடம் கேளாதவள் ஆகிய மூன்று தகுதிகளையும் அழைப்பிதழில் தவறாமல் குறிப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அரங்கப் பொறுப்பாளர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

படைப்பின் மூலப்பொருள் அம்மாவின் கடிதங்கள். கருவியைப் பற்றி உனக்குப் புரியும்படி சொல்கிறேன். அது ஓர் இணையப் பக்கம். பிரவுசரில் திறந்தால் போதும். ஒரு படத்தை அதற்குள் இழுத்துப் போட்டால் இடமிருந்து வலமாக ஒரு செங்குத்துக் கோடு நகரும். கோடு தொடும் இடத்தில் மை மேலே இருந்தால் கீச்சுக்குரல், கீழே இருந்தால் கட்டைக்குரல். மை அடர்ந்திருந்தால் உரக்க, மெலிந்திருந்தால் மெல்ல. வரி வரியாக வெட்டிப் போட்டேன். முப்பது ஆண்டுகள் மருந்துக்கடையில் மாத்திரை உறைகளின் மேல் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று எழுதிப் பழகிய கையல்லவா, என்ன தாளம்! பதினைந்தாம் கடிதத்தில் 'உன் தம்பி சமைத்தான். உப்பு போதவில்லை' என்றொரு வரி. அந்த 'உப்பு' ஒலிப்பதைக் கேட்டால் குருவி இரண்டு முறை தத்திவிட்டு உட்கார்ந்தது போலிருக்கிறது.

மொத்தம் நாற்பத்தெட்டுக் கடிதங்கள். முதல் முப்பத்தேழு தாளில் வந்தவை. காப்பகத்து ஸ்கேனரில் ஸ்கேன் செய்து உனக்கும் ஒரு தொகுதி அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? எந்த ஆவணமும் ஓரிடத்தில் மட்டும் இருக்கக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. கடைசிப் பதினொன்று, தபால் தாமதமாகிறது என்று சொல்லி நீயே ஸ்கேன் செய்து படமாக அனுப்பியவை. அவற்றில்தான் அம்மாவின் நடை எவ்வளவு மாறிவிட்டது! முன்பெல்லாம் குழாய் ஒழுகுவதைப் பற்றியே ஒரு பக்கம் எழுதுவார். இப்போது மூன்று வரி, நான்கு வரி. ஆகஸ்டில் எழுதியது எனக்கு மனப்பாடம்: 'நலம். மழை. ஜன்னல் திறந்து வைத்தேன். உன் சத்தம் நினைவு.' எழுபத்திரண்டு வயதில் கவிதை எழுதப் பழகிவிட்டார் என்று நினைக்கிறேன். என்னைப் போலவே, யாரிடமும் கற்காமல்.

நிகழ்ச்சியைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டாம். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் முதல் நிகழ்ச்சியில் இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்து, 'யாராவது அந்த மிக்ஸிய நிறுத்துங்களேன்' என்று உரக்கச் சொல்லிவிட்டு வெளியேறியவர் அவர். அரங்கமே சிரித்தது. அன்று வீட்டு வாசலில் நடந்ததை நீயும் பார்த்தாய். செருப்பைக் கையில் பிடித்தபடி எங்கள் இருவருக்கும் நடுவே நின்றாய்.

'உங்க கையால வான்னு ஒரு வார்த்தை எழுதுங்க. அதுவரைக்கும் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்.'

'அதுக்கு என் கை வளையாது.'

அன்றிலிருந்து நாங்கள் தொலைபேசியில்கூடப் பேசுவதில்லை. மாதம் ஒரு கடிதம் மட்டும் தவறாமல் வருகிறது. அந்தச் சொல் வருவதில்லை. நானும் போவதில்லை.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். கடைசிப் பதினொன்றின் அசல் தாள்களைப் பதிவுத் தபாலில் அனுப்பு. நீ அனுப்பிய படங்கள் மிகச் சிறியவை. மையின் அழுத்தம் அவற்றில் தெரியவில்லை. தாளாக வந்தால் காப்பகத்தின் முறைப்படி நானே ஸ்கேன் செய்துகொள்வேன்.

உன் பதிலை எதிர்நோக்கும்,
அக்கா

ஜனவரி 10

அக்கா,

வாழ்த்துக்கள். நாற்பது நாற்காலி என்றால் சும்மாவா. நாங்கள் இரண்டு பேரும் வராததால் முப்பத்தெட்டு பேர் கிடைத்தால் போதும்.

அசல் தாள்கள் இல்லை. நான் ஸ்கேன் செய்து முடித்ததும் அம்மா அதே தாளின் பின்பக்கம் கடைக்குப் போகிற பட்டியல் எழுதிவிடுவாங்க. பட்டியல் கடையோடு போய்விடும். உனக்குத் தெரியாதா அவங்களை. பெரிய அளவுப் படங்கள் இருக்கின்றன, இணைத்திருக்கிறேன். எங்கள் அச்சகத் தரம். புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஆனால் ஒரு யோசனை. அம்மா கடிதத்தை விட்டுவிடேன். வீட்டு விஷயம், நாலு பேர் முன்னால் எதற்கு? நான் இப்போது ஒரு சோப்புக்கு உறை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். நுரை, பூ, ஒரு பெண்ணின் கன்னம் எல்லாம் இருக்கிறது. அதைப் போட்டுப் பார். சத்தம் வழுவழுவென்று வரும்.

அம்மா நலம். உன்னை 'அகராதி எப்படி இருக்கா'ன்னு... கேட்கிற மாதிரிதான் பார்க்கிறாங்க.

வேலை நிறைய இருக்கிறது. இவை வாக்கியங்கள்தானே? எண்ணிக்கொள்.

தம்பி

ஜனவரி 15

தம்பி,

பதினேழு முறை அழைத்தேன். நீ எடுக்கவில்லை. எனவே எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வேன். வரிசை தவறினால் நானே நம்பமாட்டேன்.

அம்மாவின் எல்லாக் கடிதங்களும் 'நலம்' என்றே தொடங்குகின்றன. அந்த நாற்பத்தெட்டு நலங்களையும் தனித்தனியே வெட்டியெடுத்து அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் நல்ல தொடக்கமாக இருக்கும் என்று எண்ணினேன். முதல் முப்பத்தேழும் முப்பத்தேழு விதம். சண்டை போட்ட புதிதில் எழுதியவை ஆணி அடிப்பதைப் போலக் குத்தின. காய்ச்சலில் எழுதியது இழுத்தது. பேனா மாற்றியபோது குரலே மாறியது. ஒரே சொல்லை ஒரே கை இரண்டு முறை ஒரே மாதிரி எழுத முடியாது என்று அன்றுதான் காதால் அறிந்தேன்.

முப்பத்தெட்டாவதிலிருந்து ஒரே ஒலி. முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று, அதே. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? மருந்து உறை எழுதிய கை இவ்வளவு சீராகிவிட்டதே என்று பெருமைப்பட்டேன். இந்த மடத்தனத்தையும் மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

இரண்டு ஒலிகள் முழுக்க ஒன்றுதானா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒன்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பி, மற்றதோடு சேர்த்து ஒலிக்கவிட வேண்டும். துளி வேறுபாடு இருந்தாலும் அந்தத் துளி கேட்கும். வேறுபாடே இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மார்ச் மாதத்து நலத்தைத் திருப்பி, ஏப்ரல் மாதத்து நலத்தோடு சேர்த்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போன் வயர் கழன்றுவிட்டதா என்று பார்த்தேன். கழலவில்லை.

பதினொன்றையும் அப்படியே செய்தேன். பதினொரு முறையும் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் விழும் ஓசை காதில் விழுகிறதா என்று சோதித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பிறகு பழைய முப்பத்தேழையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டேன். பத்தொன்பதாவதில் நின்றுவிட்டேன். அந்தக் கடிதத்து நலத்தில், 'ம்' மேலிருக்கும் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி இருக்கிறது. அது அம்மா வைத்ததல்ல. அன்று எங்கள் காப்பகத்து ஸ்கேனர் கண்ணாடியில் இருந்த தூசி. ஒலியில் அது 'டிக்' என்று கேட்கும். உன் வீட்டில், உன் ஸ்கேனரில் ஸ்கேன் செய்ததாக நீ சொன்ன பதினொரு கடிதங்களிலும் அந்த 'டிக்' இருக்கிறது. என் அலுவலகத்துத் தூசி, தம்பி. உன் வீட்டுக் கடிதத்தில்.

இப்போது மற்றச் சொற்களையும் பார்த்துவிட்டேன். மழை, நான்காம் கடிதத்து மழை. ஜன்னல், பதினொன்றாம் கடிதத்து ஜன்னல். கடந்த பதினொரு மாதங்களில் அம்மா புதிதாக ஓர் எழுத்துகூட எழுதவில்லை.

எழுத முடியாத அம்மாவா, எழுத இல்லாத அம்மாவா என்று மட்டும் சொல். காரணங்களைப் பிறகு கேட்கிறேன். ஆம் அல்லது இல்லை. அம்மா உயிரோடு இருக்கிறாரா?

டேய், பயமா இருக்குடா.

அக்கா

ஜனவரி 15, மாலை

அக்கா,

இருக்காங்க. உயிரோட இருக்காங்க. இதை டைப் பண்ணும்போது எதிர்ல உட்கார்ந்து என்னை முறைச்சுட்டு இருக்காங்க.

போன வருஷம் பிப்ரவரி மூணாம் தேதி பக்கவாதம் வந்துச்சு. வலது கை, வலது கால், பேச்சு மூணும் போச்சு. கால் பாதி திரும்பிருச்சு, கம்பு பிடிச்சு நடக்கிறாங்க. கையும் பேச்சும் திரும்பல. காது நல்லா கேட்குது. எல்லாம் புரியுது, படிக்கிறாங்க. டாக்டரும் அதையேதான் சொன்னார்.

கடிதம் எல்லாம் நான் கம்ப்யூட்டர்ல செஞ்சது. உன் ஸ்கேன்ல இருந்து வார்த்தை வார்த்தையா வெட்டி ஒட்டினது.

உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா உத்தரவு. உன் போனை எடுத்தா அழுதுடுவேன், அவங்க பார்த்துடுவாங்க. அதான் எடுக்கல. வெளிய போய் நின்னு நானே கூப்பிடறேன்.

மன்னிச்சிடு.

ஜனவரி 16

தம்பி,

நேற்று நீ அழைத்தபோது நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரே வீட்டில் ஒருவருக்குப் பேச்சு போனது போதாதா?

முதலில், அம்மா இருக்கிறார். அதை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். மறந்துவிடுவேன் என்பதற்காக அல்ல. அடிக்கடி படிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் நீ செய்ததைப் பற்றி நான் எழுதாமல் இருக்க முடியாது. ஒரு மனுஷி விழுந்து கிடக்கிறாள், அவளுடைய மகளுக்குச் செய்தி இல்லை. அது ஒரு குற்றம். அதைவிடப் பெரியது இன்னொன்று. அந்த ஆகஸ்ட் கடிதத்தை அச்சிட்டு என் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். 'உன் சத்தம் நினைவு.' நான்கு ஆண்டுகளில் என் வேலையைப் பற்றி அம்மாவிடமிருந்து வந்த ஒரே நல்ல சொல். காலையில் பல் துலக்கப் போகுமுன் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். அது உன் வாக்கியம்! சோப்பு உறையில் நுரையை எங்கே வைப்பது, கன்னத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதைப் போல, அக்காவைச் சமாதானப்படுத்த எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று நீ முடிவு செய்திருக்கிறாய். கிழித்துப் போட மனம் வரவில்லை. கழற்றிக் குப்புற வைத்திருக்கிறேன்.

என்னைக் கவிதை என்று சொல்லவைத்தாயே. அதை எப்படித் தாங்குவேன்?

'என் கை வளையாது' என்று அன்று சொன்னார். அதை வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகளாகச் சண்டை போட்டேன். இனி அந்த வாக்கியத்தை நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இன்றே கிளம்பியிருப்பேன். பையைக்கூட எடுத்து வைத்தேன். ஆனால் அவர் உத்தரவு என்று எழுதியிருக்கிறாய். விழுந்து கிடந்தபோதும் என்னை அழைக்க விரும்பாதவரின் முன் நான் யாராகப் போய் நிற்பது? பதினொரு மாதமாக அவர் எனக்கு எதுவும் எழுதவே இல்லையென்றால், நான் மாதந்தோறும் பதில் எழுதிக்கொண்டிருந்தது யாருக்கு?

அக்கா

ஜனவரி 17

அக்கா,

நீ கேட்டபடி வாக்கியங்களில் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படி.

அந்த ஆகஸ்ட் கடிதத்தைத் திரும்ப ஒட்டு. அதில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாலாவது நாள், அம்மா இடது கையால் காலண்டரைக் காட்டி மேசையைத் தட்டினாங்க. உனக்குக் கடிதம் போகிற தேதி. நான், 'அக்காவுக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிடறேன்மா' என்றேன். இரண்டு தட்டு. எங்கள் வீட்டில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

'அவளுக்குத் தெரியவே கூடாதா?' ஒரு தட்டு.

'தெரிஞ்சா ஓடி வந்துடுவான்னா?' ஒரு தட்டு.

'வரட்டுமேம்மா!' இரண்டு தட்டு. டம்ளர் கீழே விழுந்தது.

'பாவம் பார்த்து வரக்கூடாது. அதானே?'

ரொம்ப நேரம் கழித்து ஒரு தட்டு.

உன் ஸ்கேன்கள் என்னிடம் இருந்தன. முப்பத்தேழு கடிதத்தையும் பெரிதாக அச்சடித்து அம்மா முன்னால் பரப்பினேன். அவங்க விரலால் ஒரு சொல்லைத் தொடுவாங்க. நான் அதை வெட்டுவேன். அடுத்த சொல். பிறகு ஒரு நோட்டில் எல்லாச் சொல்லையும் வரிசையாக ஒட்டிக் கொடுத்தேன். வீட்டில் ஒரு அகராதி சண்டை போட்டுக்கொண்டு போனதும் இன்னொரு அகராதி வந்துவிட்டது என்று சொன்னேன். அம்மா வாயின் இடது பக்கத்தால் சிரிச்சாங்க.

மூன்று வரிக்கு நாலைந்து நாள் ஆகும். ஆகஸ்ட் கடிதத்துக்கு ஒன்பது நாள். 'சத்தம்' ஆறாம் கடிதத்தில் இருந்து வந்தது. 'மோட்டார் சத்தம் தாங்கவில்லை' என்று எழுதியிருந்தாங்களே, அது. 'நினைவு' முப்பதாம் கடிதம். மாத்திரை போட நினைவு இல்லை. 'உன்' என்ற சொல்லைத் தொட்டுவிட்டு 'சத்தம்' மேல் விரலை வைத்ததும் எனக்குப் புரியவில்லை.

'மோட்டாரா?' இரண்டு தட்டு.

'அக்கா போடற சத்தமா?' ஒரு தட்டு.

'அந்த மிக்ஸியா!' என்றேன். என் தலையிலும் ஒரு தட்டு விழுந்தது.

நீ கவிதை என்று சொன்னது தப்பு இல்லை. அவங்களுக்குக் கிடைத்த சொல் அவ்வளவுதான். நீ எழுதிய ஒவ்வொரு பதிலையும் நான் மூன்று முறை படித்துக் காட்ட வேண்டும். யாருக்கு எழுதினேன் என்று கேட்டிருக்கிறாய். அவங்களுக்குத்தான்.

'நலம்' மட்டும் என் தப்பு. எந்த நலம் வேண்டும் என்று முதல் மாதம் கேட்டேன், பத்தொன்பதாவதைக் காட்டினாங்க. அதன் பிறகு நான் கேட்கவில்லை. அச்சு வேலையில் நல்ல மாதிரி ஒன்று கிடைத்தால் அதையே எல்லாப் பக்கத்திலும் போடுவோம். கை பழகிவிட்டது. அந்தத் தூசியை அழிக்கக் கை துறுதுறுத்தது. அம்மா விடவில்லை. அவங்க எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட நான் கூட்டவோ குறைக்கவோ கூடாதாம்.

இப்போது நீ கேட்காத கேள்விக்கு வருகிறேன். முப்பத்தேழு கடிதத்திலும் 'வா' என்ற சொல் இல்லை. நீயே தேடிப் பார். அக்டோபரில் அம்மா மூன்று நாள் தேடினாங்க. வரிவரியாக விரலை ஓட்டி, பக்கத்தைத் திருப்பி, மறுபடியும் முதலிலிருந்து. எதைத் தேடறீங்க என்று கேட்டேன். விரல் நிற்காமல் ஓடியது. மூன்றாம் நாள் நோட்டைத் தள்ளிவிட்டு வாசல் பக்கம் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதை அவங்க எழுதவே இல்லையே அக்கா. எழுத மாட்டேன் என்று அடம் பிடித்ததால், தேவைப்பட்டபோது அது இல்லாமல் போய்விட்டது.

நான் சும்மா இருக்காமல் வேறு சொல்லிலிருந்து வெட்டி ஒரு 'வா' செய்து காட்டினேன். அழகாக வந்திருந்தது. அம்மா இடது கையால் லேப்டாப்பை ஓங்கி மூடினாங்க. என் விரல் உள்ளே இருந்தது.

அவங்க கையால் எழுத வேண்டும் என்பதுதானே உன் நிபந்தனை. அன்று முதல் இடது கையால் எழுதிப் பழகுகிறாங்க. தினமும் காலையில் பென்சிலும் பழைய அச்சுத்தாளும். 'வ' வரைக்கும் வந்துவிட்டது. துணைக்கால் போடும்போது கோடு தாளை விட்டு ஓடிவிடுகிறது. கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த தாள். ஒன்றைக்கூட என்னை எடுத்து வைக்க விடவில்லை. சரியாக வராத 'வா' போகக் கூடாதாம்.

உன்னை அழைக்க விருப்பமில்லாதவங்க செய்கிற வேலையா இது?

தம்பி

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்த பிறகும் உட்காரத் தோன்றவில்லை.

நீ சொன்னதை நம்பாமல் அல்ல, ஆவணக்காரி என்பதால் தேடினேன். முப்பத்தேழு கடிதங்கள், வரி வரியாக, என் விரலையும் அவரைப் போலவே ஓட்டி. இல்லை. குழாய் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, 'மருந்தைத் தவறவிடாதே' இருக்கிறது, 'குளிரில் காதை மூடு' இருக்கிறது, எதிர்வீட்டு நாயின் பிரசவம் ஒன்றரைப் பக்கத்துக்கு இருக்கிறது. 'வா' இல்லை. நான்கு ஆண்டுகளாக இல்லாத ஒரு சொல்லை மட்டுமே தேடிப் படித்து, இருந்த சொற்களையெல்லாம் தள்ளிவிட்டிருக்கிறேன். தானாகவே எல்லாம் கற்றவள் என்று மார்தட்டிக்கொண்ட எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த நாலாம் நாள் காலண்டரைக் காட்டியிருக்கிறார்! நான் அந்த மாதம் எழுதிய பதிலை எடுத்துப் பார்த்தேன். 'தங்கள் கடிதம் வழக்கத்தைவிடச் சுருக்கமாக இருந்தது, அவசரம் போலும்' என்று எழுதியிருக்கிறேன். இதையும் மூன்று முறை படித்துக் காட்டினாயா? பதில் சொல்லாதே.

படைப்பு முடிந்துவிட்டது. பதினொரு நிமிடம். இத்துடன் இணைத்திருக்கிறேன். முப்பத்தேழு நலங்களும் அவை எழுதப்பட்ட வரிசையில் ஒலிக்கும். அதன்பின் பதினொரு நலங்கள், ஒவ்வொன்றும் தன் தலைகீழோடு சேர்ந்து அழிந்துபோகும். ஓசையே இராது. அந்தத் தூசியின் 'டிக்'கை மட்டும் அழியாமல் தனியே எடுத்து வைத்தேன். ஆகவே ஒவ்வொரு மாதத்து மௌனத்துக்குள்ளும் ஒரே ஒரு தட்டு கேட்கும். உங்கள் வீட்டு வழக்கம் தெரியாமலே வைத்தது அது. உன் கடிதம் வந்த பிறகு அதைக் கேட்க என்னால் முடியவில்லை. கடைசியில் அந்த ஆகஸ்ட் வரி வரும். அதைத் திரும்பவும் சுவரில் ஒட்டிவிட்டேன்.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டு. எழுந்து போக இப்போது கம்பு வேண்டியிருக்கிறது என்பதற்காக அவரைப் பிடித்து உட்காரவைக்காதே. இரண்டு தட்டினால் உடனே நிறுத்திவிடு. மிக்ஸி என்று நோட்டில் இருந்தால் காட்டட்டும்.

நாளை மாலை ரயிலில் கிளம்புகிறேன். நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் இருப்பேன். நிகழ்ச்சிக்கு முன் திரும்புவேனா என்பதை அம்மாதான் முடிவு செய்ய வேண்டும்; அரங்கப் பொறுப்பாளரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். பாவம் பார்த்து வரவில்லை. அதை அவரிடம் நீ சொல்ல வேண்டாம், என் முகத்தைப் பார்த்து அவரே தெரிந்துகொள்வார். அம்மாவின் கண் அப்படி.

அவரிடம் ஒன்றைத் தெரிவித்துவிடு. நான்கு ஆண்டுகளுக்கு முன் வீட்டு வாசலில், உன் சாட்சியில், நான் வாய்மொழியாக விதித்த நிபந்தனையை இதன்மூலம் முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன். பென்சிலைக் கீழே வைக்கச் சொல். அழைக்கப்படாமலே வருகிறேன்.

அக்கா

ஜனவரி 20

அக்கா,

ரயிலில் படி. இதற்குமேல் வாக்கியங்களில் எழுத எனக்கு வராது.

நேத்து சாயங்காலம் போட்டுக் காட்டினேன். ஹெட்போன் வேண்டாம்னு தள்ளிட்டாங்க, ஸ்பீக்கர்ல, சத்தமா. முதல் நலம் வந்ததும் நெற்றி சுருங்கிச்சு. நான் பிளேயர் மேல விரலை வச்சுட்டு ரெண்டு தட்டுக்காகக் காத்திருந்தேன். வரல. முப்பத்தேழும் கேட்டாங்க. அப்புறம் அந்த மௌனம். முதல் 'டிக்' வந்தப்ப மேசையைப் பார்த்தாங்க, தான் தட்டிட்டோமோன்னு. ரெண்டாவது 'டிக்' வந்தப்ப புரிஞ்சிடுச்சு. மூணாவதுல இருந்து ஒவ்வொண்ணுக்கும் கூடவே தட்டினாங்க. பதினொண்ணு வரைக்கும்.

முடிஞ்சதும் நோட்டைக் கேட்டாங்க. நான் கண்ணைத் துடைச்சுட்டு, பெருசா ஏதோ வரப்போகுதுன்னு கிட்டப் போய் நின்னேன். விரல் பக்கம் பக்கமா போச்சு. ஒரு சொல்லைத் தொட்டாங்க: 'உப்பு.' அடுத்தது: 'போதவில்லை.'

அப்புறம் மேசையைத் தட்டி மறுபடியும் போடச் சொன்னாங்க. மூணு தடவை கேட்டாங்க.

அதுக்கப்புறம்தான் உன் நிபந்தனை ரத்துன்னு படிச்சேன். கூப்பிடாமலே வர்றான்னு சொன்னேன். சந்தோஷப்படுவாங்கன்னு பார்த்தா முகம் சிவந்துடுச்சு. மேசையில ரெண்டு தட்டு, மறுபடியும் ரெண்டு, மறுபடியும் ரெண்டு. கையைக் காட்டி என்னை அறையை விட்டு வெளிய அனுப்பிட்டு, பென்சிலையும் தாளையும் எடுத்துட்டு உட்கார்ந்துட்டாங்க. இன்னைக்குக் காலையில எழுந்ததும் அதே வேலை. சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருக்கு. கதவுச் சந்துல பார்த்தேன். தரையெல்லாம் கசக்கின தாள். 'வ' நேராவே வந்துடுச்சு. கால்தான் இன்னும் ஓடுது, ஆனா தாளுக்குள்ளயே ஓடுது.

நீ வாசலுக்கு வர்றதுக்குள்ள எழுதி முடிச்சிடணும்னு பார்க்கிறாங்க.

அதனால, ஸ்டேஷன்ல இருந்து ஆட்டோ வேண்டாம். நடந்து வா. கடை கண்ணி பார்த்துட்டு வா. மெதுவா வா அக்கா.